வெள்ளைப் பத்தி

தணிக்கை வந்து நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. அந்நிய அரசின் தணிக்கை அதிகாரி தினமும் தலையங்கத்தை அடித்துவிடுவார். ஆசிரியர் அந்த இடத்தை வேறு செய்தியால் நிரப்ப மாட்டார். அந்தப் பத்தி வெள்ளையாகவே அச்சாகும். வாசகர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அன்று காலை அதிகாரி இரண்டு காவலர்களோடு அச்சகத்துக்கு வந்தார். கையில் அன்றைய பத்திரிகை.

“எங்கிட்ட காட்டாமலே தலையங்கம் போட்டிருக்கீங்க. அச்சகத்துக்கு சீல் வைக்கப் போறேன்.”

“போட்டிருக்கேனா? படிங்க, கேட்போம்,” என்றார் ஆசிரியர்.

அதிகாரி உரக்கப் படித்தார். அரசின் புதிய வரிவிதிப்பைக் கிழித்துத் தொங்கவிடும் கட்டுரை. அச்சுக்கோப்பவர் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். பத்தி வெள்ளையாக இருந்தது. ஆனால் ஒரு காவலர் அடுத்த வரியை அதிகாரிக்கு முன்பே முணுமுணுத்தார்.

“கொஞ்சம் மெதுவா, ஐயா. எழுத்து கோக்கணும்ல,” என்றார் அச்சுக்கோப்பவர்.

சத்தம் கேட்டு உள்ளே வந்திருந்த ஆசிரியரின் மனைவி கணவரைப் பார்த்தாள். “நடை உங்களோடதுதான். எனக்குக்கூடப் படிச்சுக் காட்டலையே?”

“உங்க எழுத்து இல்லைன்னு சொல்லுங்க பார்ப்போம்,” என்றார் அதிகாரி.

“என்னோடதுதான். ஒரு வார்த்தை மாறலை.” ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். “ஆனா, எப்படியும் அடிச்சிடுவீங்கன்னு நேத்து நான் எதுவுமே எழுதலை. இதை இன்னிக்கு சாயங்காலம்தான் எழுதறதா இருந்தேன்.”