நிற்காத பூச்சு

“யோவ் பாவாடை! இது மூணாவது தபா. சுவரைப் பூசறியா, இல்ல எங்களுக்குப் பூச்சாண்டி காட்டறியா?”

சூப்பர்வைசர் வேலுமணி போட்ட சத்தத்தில் அந்த வரிசைக் குவார்ட்டர்ஸ் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கொத்தனார் பாவாடை கரண்டியும் கையுமாகச் சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மைன்ஸில் முதல் கரி கண்ட கையோடு டவுன்ஷிப்பில் வீடுகள் மளமளவென்று எழும்பிக்கொண்டிருந்த சமயம். அந்த அவசரத்தில், சாரம் கட்ட விட்ட ஓட்டை ஒன்றைப் பேருக்கு அடைத்து மேலே சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். குடிவந்த மாதமே அது வாயைத் திறந்துகொண்டது. ஒரு செங்கல் அளவுதான். இந்தப் பக்கம் சிவப்பிரகாசம் வீட்டுச் சமையலறை. அந்தப் பக்கம் ராயப்பன் வீட்டுச் சமையலறை.

ஒரு வருஷத்துக்குள் எந்தக் குறை வந்தாலும் கான்ட்ராக்டர்தான் சரிசெய்து தரவேண்டும் என்று பேச்சு. பாவாடையும் இரண்டு தடவை வந்து அடைத்துப் பூசிவிட்டுப் போனான். இரண்டு தடவையும் மறுநாளே செங்கல் கழன்று, காரை உதிர்ந்து கிடந்தது.

“நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டேன் சார்” என்றார் ஷிப்டுக்குக் கிளம்பிய சிவப்பிரகாசம். “நாங்க தைப்பூசம் தவறாம வடலூர் போய் ஜோதி பாக்கற குடும்பம். முட்டைகூட எங்க வாசப்படி ஏறினதில்ல. இந்த ஓட்டை வழியா கருவாட்டு நாத்தம் குப்புனு வருது!”

அவருடைய தாயார் கலியம்மாள் மகனையும் மிஞ்சினாள்.

“மருமவ முழுவாம இருக்கறா. ஒரு வாய் சோறு உள்ள தங்கல. இதுல இந்த நாத்தம் வேற! ஏம்ப்பா மேஸ்திரி, சிமிட்டிய வித்துத் தின்னுட்டு வெறும் மண்ண அப்பிட்டுப் போறியா?”

பாவாடைக்குச் சுருக்கென்றது. ஒரு பிடி சிமெண்டைக்கூட அவன் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. பதில் சொல்ல வாயெடுத்தவன், கூடத்தில் பாயோடு பாயாகக் கிடந்த அமிர்தத்தைப் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கழுவப் போனான். மருமகள் பெண் நிஜமாகவே வாடித்தான் போயிருந்தாள்.

சிவப்பிரகாசம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனதும் வேலுமணி கடைசியாகச் சொன்னார்.

“இந்தத் தபாவும் உதிர்ந்துச்சுன்னா அடுத்த பிளாக் வேலைல ஒனக்கு எடமில்ல. முத்தாண்டிக்குப்பத்துக்கே மூட்டையக் கட்டிக்கினு போயிடு.”

அடுத்த பிளாக் வேலை ஒரு வருஷத்துக்கு ஓடும். அதை நம்பித்தான் பாவாடை தன் பெண்டாட்டி செல்லக்கிளியை அழைத்து வந்து கொட்டகை போட்டிருந்தான். மகளை டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தான். அவள் இப்போதுதான் தன் பேரைத் தப்பில்லாமல் எழுதுகிறாள். இனி அவளை மறுபடியும் ஆடு மேய்க்க அனுப்புவதா?

சிமெண்டைத் தாராளமாகப் போட்டுக் குழைத்தான். செங்கல்லை இறுக்கி வைத்து இரண்டு பக்கமும் வழித்துப் பூசினான். பூசும்போதே மூளையில் பொறி தட்டியது. இரண்டு தடவையும் காரை கொட்டிக் கிடந்தது கலியம்மாள் பக்கம். அப்படியென்றால் குத்தித் தள்ளுவது ராயப்பன் வீட்டுப் பக்கத்து ஆள்தான்!

மத்தியானம், பூச்சுக்குத் தண்ணீர் தெளிக்கிற சாக்கில் ராயப்பன் வீட்டுக்குள் நுழைந்தான். ராயப்பனின் மனைவி சின்னம்மாள் அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். வாசனை ஊரைத் தூக்கியது.

“ஏந்தங்கச்சி, ஒனக்கு நான் இன்னா கெடுதல் பண்ணேன்? என் பூச்ச எதுக்கு இடிக்கற?”

“நானா? எனக்கு வேற வேலவெட்டி இல்லியாண்ணே?” என்றவள், பொங்கி வந்த சிரிப்பை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

“சிரிக்காத. அந்த ஆயா நாத்தம்னு பேசுனா, அவங்ககிட்ட வச்சிக்க ஒன் கோவத்த. இது இன்னொருக்கா உதிர்ந்தா என் வேல போயிடும். என் பொண்ணு படிப்பும் அதோட சரி.”

சின்னம்மாளின் சிரிப்பு சட்டென்று நின்றது.

“ஐயையோ! ஒன் பொழப்புல மண்ணு வுழும்னு சத்தியமா தெரியாதுண்ணே. தெரிஞ்சிருந்தா அப்பவே வேணாம்னு சொல்லியிருப்பேனே!”

“யாருகிட்ட சொல்லியிருப்ப?”

அவள் பதில் சொல்வதற்குள் சுவர் கரகரவென்றது. இரண்டு பேரும் திரும்பினார்கள். காலையில் வைத்த பூச்சு, அதற்குள் எங்கே இறுகியிருக்கப்போகிறது? அதைத் துளைத்துக்கொண்டு தோசைத்திருப்பியின் முனை ஒன்று எட்டிப் பார்த்தது. செங்கல் ஆடியது. அசைந்து அசைந்து அந்தப் பக்கமாகவே போய் மறைந்தது.

ஓட்டை வழியாக வெண்கலக் கிண்ணம் ஒன்று நீண்டது.

“சின்னம்மா, மூக்கப் பொத்திக்கினு நிக்கறேன், சுருக்க ஊத்து” என்றது கலியம்மாளின் குரல். “கடலோரத்துல பொறந்து வளந்த பொண்ணு. வாயத் தெறந்து கேட்டுட்டா. ஒன் கருவாட்டுக் கொழம்ப ஊத்துனாத்தான் அவளுக்கு நாலு வாய் சோறு தங்குது.”

பாவாடை மெல்லக் குனிந்து ஓட்டை வழியே பார்த்தான். கிண்ணம் வெடுக்கென்று பின்வாங்கி, பிறகு மெல்ல மறுபடியும் நீண்டது.

“மேஸ்திரியா? நல்லதாப் போச்சு. என் புள்ளகிட்ட மட்டும் மூச்சு வுட்டுடாத. பூச்சு பாறையாட்டம் நிக்குதுன்னு வேலுமணிகிட்ட நானே சொல்றேன். நீ இந்த ஒரு கல்ல மட்டும் சிமிட்டி வைக்காம, எடுத்து எடுத்து வைக்கறாப்புல சும்மா சொருகி வுட்டுட்டுப் போ!”