வெள்ளை வேட்டிச் சோதனை

“இந்த வண்டி இனிமே குப்பத்துக்குள்ள நுழையக் கூடாது!”

அங்காளம்மாள் போட்ட சத்தத்தில் லைட்ஹவுஸ் குப்பத்துப் பஞ்சாயத்தே அதிர்ந்தது. அவள் கையில் ஒரு கொத்துக் கருவாடு. அதன் மேல் கரி அப்பியிருந்தது.

எதிரே தலைகுனிந்து நின்றான் தேவதாஸ். குப்பத்து மீனையும் கருவாட்டையும் பொன்னேரிக்கு ஏற்றிப் போகும் டீசல் பிக்கப் அவனுடையது. அந்த வண்டி ஓடினால்தான் அவன் வீட்டில் அடுப்பு எரியும்.

தப்பு அவன் மேல்தான். கடற்கரையிலிருந்து ரோட்டுக்கு ஏறும் மணல் மேட்டில், லோடோடு வண்டி முக்கியது. இழுவை கூடட்டும் என்று, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைப் பெரியதாக வாங்கி மாட்டினான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. இழுவை கொஞ்சம் கூடியது. புகையோ ஆளையே மறைத்தது. அந்த மேட்டின் இரண்டு பக்கமும்தான் பெண்கள் கருவாடு காயப் போடுவார்கள்.

“பாவம், பொழைக்கிற புள்ள. ஒரு தபா மன்னிச்சி வுட்டுடலாமே” என்றார் பஞ்சாயத்துத் தலைவர் ஆதிநாராயணன்.

“உங்க வூட்டுக் கருவாடா கருத்துப் போச்சி?” என்று அவர் மேலும் பாய்ந்தாள் அங்காளம்மாள். “வண்டிய சரி பண்ணினு வரட்டும். மேட்டோரமா வெள்ளை வேட்டிய விரிப்போம். முழு லோடோட அவன் மேடு ஏறணும். வேட்டியில ஒரு கரும்புள்ளி வுழுந்தாலும் அத்தோட சரி. லோடு நாங்கதான் ஏத்துவோம். வெறும் வண்டிய ஓட்டிக் காட்டி ஏமாத்துற வேலையெல்லாம் வாணாம்.”

இரக்கமே இல்லாத பொம்பளை என்று ஊர் முணுமுணுத்தது.

மறுநாளே பொன்னேரியில் டீசல் மெக்கானிக் ஜேம்ஸின் பட்டறையில் போய் நின்றான். பானெட்டைத் திறந்து பார்த்த ஜேம்ஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஏம்பா, அடுப்பு நெறைய வெறக அடைச்சிட்டு ஊதாம வுட்டா, பொகையாம இன்னா பண்ணும்? இன்ஜெக்டர் பெர்சு. காத்து ஊதுற டர்போ பழைய சின்ன டர்போ. டீசல் கொட்டுது, அத்த எரிக்கக் காத்து இல்ல.”

“அப்ப இருக்கறதுலயே பெர்ய டர்போவா போட்டுடலாமாண்ணே?”

“மறுபடியும் அதே தப்பு! அது சுத்தி காத்து குடுக்கறதுக்குள்ள நீ மணல்ல மாட்டிக்குவ. எல்லாம் ஜோடி சேரணும்பா. உன் மேட்டுக்கு ஏத்த டர்போ. டர்போவுக்கு ஏத்த இன்ஜெக்டர். அப்புறம் லேப்டாப்புல டியூனிங். காத்து வந்த பிறகுதான் டீசல் ஏறணும்.”

சொன்னபடியே எல்லாவற்றையும் மாற்றிப் பொருத்திக் கொடுத்தார். சாவியைக் கொடுக்கும்போது, “அவசரப்பட்டு மிதிக்காத. டயர் மணலைத் தோண்டிடும். டர்போ விசில் கேக்குற வரைக்கும் பொறு” என்றார்.

சோதனை நாளன்று வலை பின்னுகிறவர்கள்கூட வேலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். அங்காளம்மாள் தலைவர் வீட்டிலேயே சலவை வேட்டியைக் கேட்டு வாங்கி மேட்டோரம் விரித்தாள். தலைவரின் மனைவி முறைத்ததை அவள் கண்டுகொள்ளவேயில்லை.

பெண்களே மூட்டைகளை ஏற்றினார்கள். தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டினார்கள். தேவதாஸைப் பக்கத்தில்கூட அண்டவிடவில்லை. வண்டியின் பின்பக்கம் அப்படியே அமுங்கியது.

“ஈர மணலா ரொப்பிட்டாங்கடா!” என்றான் கூட்டத்தில் ஒருவன்.

தேவதாஸுக்கும் அதே சந்தேகம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

பாதி மேட்டில் வேகம் செத்தது. சக்கரம் மணலில் லேசாக அமிழ்ந்தது.

“மிதிடா! மிதிடா!” என்று கூட்டம் கத்தியது.

கால் துடித்தது. மிதிக்கவில்லை. ஆக்சிலேட்டரை அதே அளவில் பிடித்தபடி விசிலுக்காகக் காத்திருந்தான்.

மெல்லிசாக ஒரு விசில் கேட்டது. அவ்வளவுதான்! வண்டி மதம் பிடித்த மாதிரி இழுத்தது. மணலை மிதித்துத் தள்ளிக்கொண்டு மேடேறித் தார் ரோட்டில் போய் நின்றது.

ஆதிநாராயணன் ஓடிப் போய் வேட்டியை எடுத்து இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். பால் வெள்ளை!

குப்பமே விசிலடித்தது. இளவட்டங்கள் தேவதாஸைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். ஜெயித்துவிட்டான்! அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

தோளிலிருந்து இறங்கியதும், வண்டியருகே வந்து நின்ற அங்காளம்மாளிடம் நேராகப் போனான்.

“பாத்துக்கினியாக்கா? இப்ப சொல்லு, உன் மணலை எங்க கொட்டணும்?” என்று கேட்டபடியே தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்க்கப் போனான்.

கையிலேயே பட்டென்று ஓர் அடி விழுந்தது.

“அவுக்காதடா! மணலாமே மணலு. அத்தினியும் எங்க கருவாடு. நீ பட்டறையில கெடந்தப்ப வேற வண்டிக்காரனுங்க வந்து வந்து லோடு கேட்டானுங்க. தேவதாஸ் வண்டிலதான் ஏத்துவோம்னு சொல்லித் தொரத்திட்டோம். வியாபாரி பொன்னேரியில காத்துனுகீறான், கெளம்பு.”

தேவதாஸ் கயிற்றிலிருந்து கையை எடுத்தான்.

“நான் தோத்திருந்தா இன்னாக்கா பண்ணியிருப்பீங்க?”

அங்காளம்மாள் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

“தோக்கறவன் வண்டியில எவளாச்சும் கருவாட்ட ஏத்துவாளா? போடா!”