சேர்வருக்கு எதற்குப் படம்?

"இண்டையோட அஞ்சாவது நாள்! இதுக்கு ஆர் காரணமெண்டு நாளைக்குக் காலமை எனக்குப் பேர் சொல்லோணும். அந்தாள் அண்டைக்கே வீட்ட போகலாம்!"

மனேஜர் ஹிஸ்புல்லா மேசையில் அடித்த அடியில் தேத்தண்ணி துள்ளிச் சிந்தியது.

வெளியே இன்னர் ஹாபர் வீதி முழுக்க லொறிகளின் ஹோர்ன் சத்தம். துறைமுகத்துக்குள் போகிற லொறிகளுக்கு அந்தக் கந்தோரில்தான் பாஸ் அடிக்க வேண்டும். அதை அடிக்கிற சேர்வர் கொம்பியூட்டரோ, புதிதாக வாங்கி வைத்த நாளிலிருந்து ஒவ்வொரு காலையும் ஆட்கள் வந்து பார்க்கும்போது செத்துக் கிடந்தது.

நிருசாவுக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். இரண்டு வருஷமாக மெல்ரோய்க்குக் கீழே உதவியாளராக இருந்தவள். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தால் விடுவாளா?

"நான் அப்பவே சொன்னனான் சேர். பழைய சேர்வரில படம் இருந்தது. மவுஸால தட்டி ஆரும் வேலை செய்யலாம். ஒரு நாளும் விழேல்ல. இதில மெல்ரோய் அண்ணா படமே போடேல்ல. வெறும் கறுப்புத் திரை!"

"சேர்வருக்கு எதுக்குப் பிள்ளை படம்?" மெல்ரோய் சீறினார். "அது உழைக்க வந்த மாடு. கலியாணத்துக்கு வந்த பொம்பிளையே சோடிச்சு விட? படம் போட்டால் மெமரியைத் தின்னும், கள்ளன் பூர ஓட்டையும் கூடும். நான் இருக்குமட்டும் போட ஏலாது!"

பன்னிரண்டு வருஷமாக சிஸ்டம் இன்சார்ஜ். அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான்.

சிந்திய தேத்தண்ணியைத் துடைக்க, கூட்டித் துடைக்கும் புஷ்பவதி உள்ளே வந்தாள். நிருசாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"புஷ்பவதி அக்காவைப் பாருங்கோ சேர். போன கிழமை உங்கட கோப்பையை உடைச்சிட்டு, துண்டுகளையும் கொண்டு தானே வந்து நிண்டவ. அந்த நேர்மை பெரிய ஆக்களுக்கும் இருக்கோணும்."

மெல்ரோய் முகம் சிவந்து எழுந்து போனார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமையும் சேர்வர் விழுந்தது. 'இன்றைக்குச் சண்டை நடந்தேதான் ஆகும்' என்று கந்தோரே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. மெல்ரோய் மனேஜரின் அறைக்குள் நிருசாவையும் கூட்டிக்கொண்டு போனார்.

"நிருசா சொன்னதுதான் சரி சேர். சேர்வருக்குப் படம் வேணும். பேர் கேட்டனீங்கள். என்ர பேரை எழுதுங்கோ."

மனேஜர் வாய் பிளந்தார். நிருசா தன் காதையே நம்பவில்லை. ஒரே இராத்திரியில் முயலுக்கு நாலாவது காலும் முளைத்துவிட்டது!

"பன்னிரண்டு வருஷ வேலைக்காக வீட்ட அனுப்பாமல் விடுறன்," என்றார் மனேஜர். "ஆனா இனி நிருசாதான் இன்சார்ஜ். நீங்கள் அவவுக்கு உதவியா இருங்கோ."

"ஓம் சேர்."

அன்று பின்னேரமே மெல்ரோயின் ஜன்னலோரக் கதிரை நிருசாவுக்கு வந்தது. தான் போய் அவளுடைய ஆட்டங்காணும் கதிரையில் இருந்துகொண்டு, அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"படம் மட்டும் ஒரு நேரமும் அணையக் கூடாது பிள்ளை. பளிச்செண்டு எரிஞ்சபடி இருக்கோணும்."

"தோத்த ஆளின்ர ஆசை. செய்து விடுவம்!" என்று நிருசா விழுந்து விழுந்து சிரித்தாள்.

சேர்வருக்குப் படம் போட்டாள். நிலாவெளிக் கடலையே திரை முழுக்க விரித்துவிட்டாள். வீட்டுக்குப் போகும் வழியிலேயே அம்மாவுக்கு, சித்திக்கு, கூடப் படித்தவளுக்கு எல்லாம் கோல் எடுத்துச் சொல்லியாகிவிட்டது.

புதன்கிழமை ஆறு மணிக்கே ஓட்டமாய் வந்து கண்ணாடி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். சேர்வர் ஓடிக்கொண்டிருந்தது! நிலாவெளி நீலமாய் மின்னியது. அவளுக்கு ஆடலாம் போலிருந்தது.

"அக்கா, பாத்தீங்களே? சேர்வர் விழேல்ல!"

தரை துடைத்துக்கொண்டிருந்த புஷ்பவதி நிமிர்ந்தாள்.

"ஓம் பிள்ளை, நல்ல வடிவு. இண்டைக்குத்தான் இதை ஒழுங்காப் போட்டு வச்சிட்டுப் போயிருக்கிறீங்கள்."

"எதை?"

"இந்த மிசினைத்தான். ஆறு நாளா வெள்ளன வந்து பாத்தால் கறுப்பாக் கிடக்கும். ஆரோ மறந்துபோய் நிப்பாட்டிப் போட்டினம், லொறிக்காரர் பாவமெண்டு நான்தான் பட்டனை அமத்தி விடுறனான். எழுத்துக் கடகடவெண்டு ஓடும். சரி, உயிர் வந்திட்டுதெண்டு மற்ற அறையைக் கூட்டப் போயிடுவன்."

நிருசா பட்டனையும் புஷ்பவதியின் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். கடகடவென்று ஓடியது, சேர்வர் அணையும்போது வருகிற எழுத்து. கறுப்புத் திரையோடு நன்றாக ஓடிக்கொண்டிருந்த சேர்வரை ஆறு நாளும் நிற்பாட்டியது இந்தக் கைதான்.

"இது... வேற ஆருக்கும் தெரியுமே அக்கா?"

"மெல்ரோய் தம்பிக்குத் தெரியும். நேற்று வெள்ளன வந்து வாசலில நிண்டு பாத்தவர். 'நல்ல காரியம் செய்திருக்கிறீங்கள் அக்கா, இனி நாங்களே போட்டு வைப்பம், நீங்கள் கஷ்டப்பட வேண்டாம்' எண்டவர்."

புஷ்பவதி துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அது சரி பிள்ளை, அந்தத் தம்பிக்கு மிசின் வேலை ஒண்டும் தெரியாதாம், அதாலதான் கதிரையைப் பறிச்சு உங்களுக்குக் குடுத்ததெண்டு எல்லாரும் கதைக்கினம். உண்மையே?"