நம்பர் பிளேட்டின் பிடிவாதம்

கேமராவில் சிக்கக் கூடாதென்று ஜெரால்டு தன் பைக்கின் பின் கிளாம்பை வளைத்து, நம்பர் பிளேட்டை சீட்டுக்கு அடியில் ஒளித்தான்.

"இனி நம்மள எவன் பிடிப்பான்?" என்று உறுமியது சைலன்சர்.

"என்னை நாலு பேர் பார்க்கணும். நான் நிமிருவேன்," என்றது பிளேட். ஒவ்வொரு வேகத்தடையிலும் குலுங்கி, மயிரிழை மயிரிழையாக நிமிர்ந்தது.

ஒரு மத்தியானம் பைக்கைத் திருடன் கிளப்பிக்கொண்டு போனான்.

"ஐயோ, நம்ம நம்பரை யாராவது பாருங்களேன்!" என்று சைலன்சர் அலறியது.

சாயங்காலம் அவன் ஏற்றிய ஒரு வேகத்தடையில் பிளேட் முழுசாக நிமிர்ந்தது. ஜெரால்டு புகாரில் கொடுத்திருந்த நம்பர் அது என்று சாலையில் நின்ற ஏட்டுக்குத் தெரிந்துவிட்டது. திருடன் மாட்டினான்.

ஸ்டேஷனுக்கு ஓடிவந்த ஜெரால்டு பைக்கைக் கட்டிக்கொண்டு அழுதான். தெருமுனை தாண்டியதும் இறங்கி, கிளாம்பை மறுபடி வளைத்தான்.



"வீட்டுக்குப் போற வழியில வேகத்தடை எத்தனை இருக்கு?" என்று கேட்டது பிளேட்.