இடது கால் செருப்பு

கிரேஸ் காரின் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் கல்யாணத்துக்காக ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்துத் தெருவில் போனவர்கள் சத்தம் போடாமல் நடந்தார்கள். உண்மையில் என் மனைவி மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நாறுது," என்றாள் கண்ணைத் திறக்காமலே. "பெட்ரோல் நாத்தம் போகலைன்னா எப்சி இதுல ஏற மாட்டா. பட்டுச்சேலையும் தலையில நெட்டு முக்காடுமா வார பிள்ளை. எனக்குப் பயமா இருக்குங்க."

அன்றைக்கு வியாழக்கிழமை. கல்யாணம் திங்கட்கிழமை.

எங்கள் கார் அந்தக் காலத்து வண்டு கார். என்னைவிட ஏழு வயதுதான் இளையது. பெட்ரோல் டேங்க் முன்னால், எஞ்சின் பின்னால். ரேடியேட்டர் கிடையாது, காற்றுதான் எஞ்சினைக் குளிர வைக்க வேண்டும். "கல்யாணத்தன்னைக்கு இந்தக் கார்லதான் சர்ச்சுக்குப் போவேன்" என்று எப்சி ஐந்து வயதில் சொன்னதற்கு நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

பழைய பெட்ரோல் ட்யூப் வெடித்துப் போயிருந்தது. இருபது வருடமாக இந்த வண்டியைப் பார்க்கும் மேலப்பாளையம் மெக்கானிக் பாவா, போன வாரமே வந்து சொன்னார்.

"ட்யூப் சூடான எடத்துல படக்கூடாது சார். தகரத்து ஓட்டை வழியா வார எடத்துல ரப்பர் வளையம் போடணும். இல்லன்னா தகரம் ட்யூபை அறுத்துரும். நான் போட்டுத் தாரேன்."

"முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்துல வெப்பம் பாடம் நடத்தினவன்வே நான். எனக்கே வெப்பம் சொல்லித் தாரீரா?" என்று அவரை அனுப்பிவிட்டு, நானே வேலையில் இறங்கினேன்.

ட்யூப் வீட்டிலேயே கிடந்தது. எதற்கு வாங்கியது என்று ஞாபகமில்லை. வளையத்துக்குக் கடைக்குப் போகச் சோம்பல். குளியலறை வாசலில் கிரேஸின் நீல ரப்பர் செருப்பைப் பார்த்ததும் என் விஞ்ஞான மூளை விழித்துக்கொண்டது. இடது கால் செருப்பில் ஒரு வட்டம் வெட்டி, நடுவே ஓட்டை போட்டு, தகரத்தில் மாட்டினேன். வட்டம் கொஞ்சம் கோணல்தான். வேலை முடிந்தபின்னும் நாற்றம் மட்டும் போகவில்லை.

மிச்சச் செருப்பு குப்பைக்குப் போனது. கிரேஸ் இரண்டு நாள் அதைத் தேடினாள். நானும் கூடவே தேடினேன், கடைசியில் பழியைத் தெருநாய் மேல் போட்டேன்.

"அத்தான், வீம்பு பிடிக்காதிய. என் கார் சும்மாத்தானே நிக்கி?" என்றான் மச்சினன் ரிச்சர்ட். ராத்திரி தூக்கம் வரவில்லை. பிள்ளைக்குக் கொடுத்த ஒரே ஒரு வாக்கு, அதையும் காப்பாற்றத் துப்பில்லையே என்று இருந்தது.

சனிக்கிழமை காலையில் கிரேஸ் வந்து நின்றாள். "பந்திக்கு வாழைத்தார் எடுக்கணும். ஸ்ரீவைகுண்டத்துக்கு நீங்களே போயிட்டு வாங்க. நீங்க பாத்து எடுத்தாத்தான் எனக்குத் திருப்தி."

கத்தரிக்காய் வாங்கக்கூட என்னை நம்பாதவள். பெருமை தாங்காமல், காரை வீட்டிலேயே விட்டுவிட்டு உடனே பஸ் ஏறிவிட்டேன்.

சாயங்காலம் தாரோடு லோடு ஆட்டோவில் வந்து இறங்கினதும் அவளே போய்க் காரின் பின்சீட்டில் உட்கார்ந்தாள். கண்ணை மூடி, மூச்சை நன்றாக இழுத்தாள்.

"நாத்தமே இல்லைங்க!"

முதலில் நம்ப முடியவில்லை. அப்புறம் ரொம்பச் சுலபமாக நம்பிவிட்டேன். "புது ட்யூப் படிஞ்சு உக்கார ரெண்டு நாள் ஆகும். இதுதான் இயற்பியல்" என்றேன். ரிச்சர்டைக் கூப்பிட்டு, பின்மூடியைத் திறந்து ஒவ்வொரு வளைவாகக் காட்டினேன். தகரத்து ஓட்டையில் வளையம் கறுப்பாகத் தெரிந்தது. எஞ்சின் சூட்டில் நீலம் கறுக்கத்தான் செய்யும் என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன்.

திங்கட்கிழமை எப்சியை ஏற்றிக்கொண்டு நானே ஓட்டினேன். ஒரு பொட்டு நாற்றமில்லை. பாதி வழியில் அவள் பின்னாலிருந்து என் தோளில் கை வைத்து, "சொன்ன மாதிரியே கூட்டிட்டுப் போறியளேப்பா" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வண்டியைப் பைய ஓட்டினேன்.

ஆராதனை முடிந்து மண்டபத்துக்கு வந்தபின் என்னைப் பிடிக்க முடியவில்லை. மணமக்களை வாழ்த்த வந்தவர்கள் எல்லாரும் முதலில் என் காரின் பின்மூடியைத் தரிசித்துவிட்டுத்தான் உள்ளே போக முடிந்தது.

பாவாவும் வெள்ளைச் சட்டையில் வந்தார். விடுவேனா?

"வாரும்வே பாவா! ட்யூப் எப்படிப் போயிருக்கு, பாரும். இதுக்கெல்லாம் கைப்பழக்கம் மட்டும் பத்தாது, படிப்பு வேணும்."

பாவா குனிந்து நிதானமாகப் பார்த்தார். "சுத்தமான வேலை சார்," என்றார்.

பக்கத்தில் நின்ற கிரேஸ் என்னவோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாவா சட்டைப்பையிலிருந்து சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். பளபளக் காகிதம், மேலே ரிப்பன். ஆசையாகப் பிரித்தேன். உள்ளே ஒரு நீல ரப்பர் வளையம். கோணலாக வெட்டியது.

"உங்க ட்யூபெல்லாம் சனிக்கிழமையே என் கடைக்கு வந்துட்டு சார்," என்றார் பாவா. "அக்கா செருப்பை மட்டும் கொண்டாந்திருக்கேன்."