எந்தத் தண்ணீர்

காலையிலேயே கரை சேர்ந்திருக்க வேண்டிய யூஜினின் படகு பிற்பகலாகியும் வரவில்லை. கடலோரச் சிற்றூரான தாழ்வுபாட்டின்மேல் தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று தகரக் கூரைகளைத் தூக்கித் தூக்கி அடிக்கின்றது. அவனுடைய மனைவி மரிஸ்டெலா வாசலில் போட்ட கதிரையில் அமர்ந்து கடலையே நோக்குகிறாள். எதிரே அவன் தங்கை நிறஞ்சலா, மடியில் விரித்த வேதாகமத்தின் தாள்கள் பறவாதபடி உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு வாசிக்கிறாள். யோவான் மூன்றாம் அதிகாரம். தண்ணீரினாலும் ஆவியினாலும் பிறவாதவனுக்கு இறையாட்சி இல்லை என்னும் இடம். இவ்வொரு வரியின் பொருட்டு இருவரும் ஈராண்டாக வாதிட்டு வருகின்றனர். குழந்தையின் தலையில் குருவானவர் வார்த்த ஞானஸ்நான நீரே போதும் என்பது மரிஸ்டெலாவின் கத்தோலிக்கக் கோயில் வழி. வளர்ந்து, மனந்திரும்பி, முழுகி எழ வேண்டும் என்பது நிறஞ்சலா சேர்ந்த சபையின் வழி. "தலை நனைஞ்சாக் காணுமெண்டா, மழையில நிண்ட கழுதையெல்லாம் கிறிஸ்தவர்தான், மச்சாள்" என்று போன ஞாயிறும் நிறஞ்சலா எள்ளிச் சிரித்தாள். இன்று அவள் குரல் 'தண்ணீர்' என்ற சொல்லிலேயே நின்றுவிடுகின்றது.

"உன்ர அண்ணன் முழுகேல்லையே. அவருக்கு என்ன கதியெண்டு உங்கட சபை சொல்லுது?"

கேட்ட பின்பே 'முழுக' என்ற சொல்லின் மற்றைப் பொருள் காதில் விழ, மரிஸ்டெலா வாயைப் பொத்திக்கொள்கிறாள். நிறஞ்சலா நிமிர்ந்து பாராமலே புத்தகத்தை மூடுகிறாள்.

"சின்னனில ஊத்தினதே காணும், மச்சாள். அண்ணனுக்கு அது காணும்."

காற்று மணலை வாரி நிலைப்படியில் எறிகின்றது. ஈராண்டாக விட்டுக்கொடாதவள் இப்பொழுது ஏன் விட்டுக்கொடுக்கிறாள் என்று கேளாமல், மரிஸ்டெலா மறுபடியும் கடலின் பக்கம் முகத்தைத் திருப்புகிறாள்.