நன்மை வரிசை

அந்தக் கையிலிருந்து மட்டும் நன்மை அப்பம் வாங்கக் கூடாது என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். வீட்டுச் சாவியை அவளிடம் நீட்டிவிட்டு, திரும்பியும் பார்க்காமல் போன கை அது. ஏழு வருடம் கழித்து இன்று அந்தக் கை குருவாக நிறைவேற்றும் முதல் திருப்பலிப் பூசை.

“புதுச் சாமியாருக்குத் தலையெல்லாம் நரைடி! இந்த வயசுல என்ன ஆசை?” கூட வந்திருந்த அலுவலகத் தோழி கிசுகிசுத்தாள்.

“அவரையே கேளு.”

“உனக்கென்ன இவ்வளவு கோவம்? உன்னை விட்டுட்டு ஓடின ஆள் மாதிரி பேசுற!”

நன்மை நேரம் வந்ததும் அவள் பழைய சாமியாரின் வரிசையில் போய் நின்றாள். பாதியிலேயே அவர் கையிலிருந்த அப்பப் பாத்திரம் காலியாகிவிட, வரிசை மொத்தமும் புதியவர் பக்கம் திரும்பியது.

அவள் முன்னே அந்த விரல்கள் வெள்ளை அப்பத்தை உயர்த்தின.

“கிறிஸ்துவின் திருவுடல்.”

ஆமென், அப்படியே ஆகட்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

“சரிப்பா.”

அம்மா இறந்த பிறகு, பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் அவர் ஊட்டிய ஒவ்வொரு வாய்க்கும் அவள் சொன்ன பதில் அது. அவளுக்கு மட்டும் ஊட்டிய கை, இன்று இத்தனை பேருக்கு ஊட்டுகிறது. அவள் கோபத்தோடு சேர்த்து அப்பத்தை விழுங்கினாள்.

திருப்பலி முடிந்ததும் கோயில் வாசலில் அவர் மெல்லக் கேட்டார்.

“அடுத்த தடவையாவது ஆமென்னு சொல்லும்மா.”

“மாட்டேம்பா,” என்றாள் அவள். “ரெண்டும் ஒண்ணுதானே?”